கழுநீர் போக, அரிசி போகாமல்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலுக்குள் நுழைகிறவர்கள் அண்ணாந்தபடியே நடக்கிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை தலைக்கு மேல் தொங்கும்போது மோட்டார் ரூம் பக்கம் யார் திரும்புவார்கள்? எனக்கோ அங்கே நிற்கும் மணல் ஃபில்டரையும் அதன் வால்வுகளையும் எத்தனை நேரம் பார்த்தாலும் சலிப்பதில்லை.

திறந்த கிணற்றில் பாசி. பொறியாளர் பென்னிகுவிக் 1895-இல் மலைக்கு இந்தப்புறம் திருப்பிவிட்ட பெரியாற்றுத் தண்ணீரில் வண்டல். சொட்டுநீர் டிரிப்பரின் உள்வழியோ ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதனால்தான் இத்தனை காவல்.

பால் வால்வின் அழகு அதன் கைப்பிடியில் இருக்கிறது. குழாயோடு நீளவாக்கில் கிடந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. வரப்பில் நின்றே தெரிந்துகொள்ளலாம். கேட் வால்வின் சக்கரம் அப்படி எதையும் காட்டிக்கொடுக்காது. ஆனால் பல சுற்று சுற்றி மெல்ல அடைவதால் ஓடிவரும் நீர் அதில் தடாரென்று முட்டுவதில்லை. பால் வால்வைச் சட்டென மூடிப் பாருங்கள், பி.வி.சி. மூட்டெல்லாம் உலுக்கிப்போடும். அதற்காகக் கேட் வால்வைப் பாதி திறப்பிலேயே விட்டுவைக்கவும் கூடாது. உள்ளே தகடு நீரோட்டத்தில் அதிர்ந்து அதிர்ந்து தேயும்.

பேக்வாஷ்தான் உச்சம். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு அழுத்தக் கேஜ்களின் வித்தியாசம் அரை கிலோவை நெருங்கினால் மணல் அடைத்துவிட்டது என்று பொருள். வால்வுகளை மாற்றித் திருப்பியதும் தண்ணீர் கீழிருந்து ஏறுகிறது, மணல் படுகை உப்பி எழுகிறது, அழுக்கு மேலே பிரிந்து வெளிக்குழாய்க்குப் போகிறது. அந்தக் குழாயின் வால்வை எவ்வளவு திறப்பது என்பதில்தான் கைப்பக்குவம் எல்லாம். குறைத்தால் மணல் எழாது. கூட்டினால் மணலே வெளியேறிவிடும். அரிசி களைகிற அதே பதம்: கழுநீர் போக வேண்டும், அரிசி போகக் கூடாது. வெளிக்குழாயடியில் குந்தியிருப்பவர் நீரை உள்ளங்கையில் ஏந்தி விரலால் தேய்த்துப் பார்க்கிறார். நறநறத்தால் வால்வைக் குறைக்கச் சொல்லி உடனே குரல் வரும். வழவழப்பும் போய் வெறும் நீரானால், "தெளிஞ்சிருச்சுண்ணே!"

இதற்கு அடுத்த நுட்பம் உரம் ஏற்றும் வெஞ்சுரி. பக்கவாட்டில் அது இணைந்திருக்கும் இரண்டு வாய்களுக்கு நடுவே மெயின் குழாயில் ஒரு வால்வு. அதைக் கொஞ்சம் மூடினால் அழுத்தம் வேறுபட்டு, வாளியிலிருக்கும் உரக் கரைசலை மெல்லிய குழாய் உறிஞ்சத் தொடங்கும். அதிகம் மூடினால் கரைசல் வேகமாய் இறங்கும், ஆனால் கடைசி வரிசைக் கொடிக்குத் தண்ணீர் எட்டாது. உறிஞ்சல் பிடித்ததும் அந்தக் கடைக்கோடிக் கொடியை நினைத்துக் கைப்பிடியை ஓர் இம்மி பின்வாங்குகிறார்களே, அந்த அசைவுக்கு நான் நூற்றுக்கு நூறு போடுவேன்.