‘மருந்து’ அதிகாரமும் மெலிவிக்கும் நூல்களும்

காவியத்தையும் நாவலையும் நாடகத்தையும் நிறுத்துப் பார்க்கும் திறனாய்வாளர், இன்னது உண்க, இன்னது ஒழிக எனப் பணிக்கும் நூல்களை ஏறெடுத்தும் நோக்குவதில்லை. அவை இலக்கியத்தின்பாற் படா என்பது அவர் கருத்துப்போலும். ஆயினும், காவியத்தை வாசிப்போன் அதன்படி ஒழுகியே தீரவேண்டும் என்பதில்லை. உணவு நூலை வாசிப்போனோ மறுநாட் காலையிலேயே அதன்படி உண்ணத் தொடங்கிவிடுகின்றான். நாவலாசிரியன் பிழைபட்டால் வாசகன் இழப்பது இரண்டு மணி நேரம்; உணவு நூலாசிரியன் பிழைபட்டால் அவன் இழப்பது உடம்பு. ஆதலின் இவ்வகை நூல்களும் திறனாய்வுக்கு உரியனவே. அவற்றை அளத்தற்கு வேண்டிய அளவுகோலும் தமிழிலேயே உண்டு. அது திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய ‘மருந்து’.

அவ்வதிகாரம் நிற்கும் இடமே முதற்கண் நோக்கற்பாலது. பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில், பெண்வழிச்சேறல், வரைவின்மகளிர், கள்ளுண்ணாமை, சூது என்னும் நான்கனையும் அடுத்து மருந்து வருகின்றது. நாவின் அளவின்மையும் கள்ளின் அளவின்மையும் கவற்றின் அளவின்மையும் ஓரினத்தன என்பது இவ்வைப்பினால் விளங்கும். இனி, அதிகாரத்தின் உள்ளே புகுவோமாயின், முதற்குறள் நோயின் காரணத்தைக் கூறுகின்றது: வளி முதலாக மருத்துவ நூலோர் எண்ணிய மூன்றும் மிகினும் குறையினும் நோய் விளையும் என்பது அது. குறைதலும் நோயே என்று முதலடி வைக்கும்போதே சொல்லிவிட்டமை மறக்கற்பாலதன்று. அடுத்த ஆறு குறள்களும் உண்ணும் முறையைப் பற்றியன. இறுதி மூன்றும் மருத்துவனைப் பற்றியன.

உண்ணும் முறை பற்றிய ஆறு குறள்களையும் எத்துணை முறை படிப்பினும் அவற்றில் ஓர் உணவின் பெயரைக் காண்டல் இயலாது. நெல் இல்லை, தினை இல்லை, பால் இல்லை, மீன் இல்லை. முன் உண்டது அற்றதா, பசி மெய்யாகவே எழுந்ததா, உண்பது தன் உடம்புக்கு ஒவ்வுவதா, இன்னும் உண்ண விருப்பமிருக்கும்போதே கையை எடுக்க இயலுமா என்பனவே வள்ளுவர் கேட்பன. இந்நான்கு வினாக்களுக்கும் விடை உண்பவனிடமே உள்ளது, நூலாசிரியனிடம் இல்லை. உணவின் குணங்களைப் பெயர் பெயராகத் தொகுத்துக் கூறும் நூல் தமிழில் இல்லாமலில்லை. பதார்த்தகுண சிந்தாமணி அத்தகையது. யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் செகராசசேகரமும் பரராசசேகரமும் நம் வைத்தியர்க்குக் கைந்நூல்கள். வள்ளுவர் அவ்வழிச் செல்லாது விட்டது அறியாமையால் அன்று, தெரிந்தே எனல் தகும். புலால் உண்ணலை அவர் விலக்கினார் அன்றோ எனின், விலக்கினார். ஆயின் அதனைத் துறவறவியலில் அருளின் பெயரால் விலக்கினாரேயன்றி, மருந்து அதிகாரத்திற் கொணர்ந்து உடம்பைக் காட்டி அச்சுறுத்தினாரல்லர். அறத்துக்கு உரிய காரணத்தை அறத்திலும், உடம்புக்கு உரிய காரணத்தை உடம்பிலும் வைத்த அந்தப் பகுப்பு இக்காலத்து உணவு நூல்களிற் பெரிதும் கெட்டுவிட்டது. சோறுண்பவன் குற்றவாளி என்பது ஒரு சாரார் தொனி; இறைச்சியுண்பவன் குற்றவாளி என்பது மற்றொரு சாரார் தொனி.

மேனாட்டில் இவ்வகை நூல்களுக்கு வழிகாட்டியாய் அமைந்தது, இலண்டனில் ஈமச்சடங்குப் பொருள்களை அமைத்துக் கொடுக்கும் தொழில் செய்த வில்லியம் பான்டிங் என்பவர் 1863இல் வெளியிட்ட சிறு நூலாகும். அவர் மருத்துவரல்லர். அறுபது வயதைக் கடந்து, குனிந்து சப்பாத்தின் கயிற்றைக் கட்டவும் இயலாதவராய், படிக்கட்டிற் பின்புறமாகவே இறங்குபவராய் இருந்தவர். உடற்பயிற்சிக்கெனப் படகு வலித்தார், பசிதான் கூடிற்று. காது கேளாமைக்காக ஹாவி என்னும் மருத்துவரிடம் சென்றபோது, பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விடுமாறு அவர் பணித்தார். ஏறத்தாழ ஓராண்டில் 202 றாத்தல் நிறையில் 46 றாத்தல் குறைந்தது. நூலை முதலில் இலவசமாகவே வழங்கினார் பான்டிங். அவர் பெயரே ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாக வழங்கிற்று. சுவீடிய மொழியில் இன்றும் உடல் மெலிய உண்ணுதலுக்கு அச்சொல்லே வழங்குகின்றது.

பான்டிங்கின் நூலை வாசிப்போர்க்கு அதன் நேர்மை இனிக்கும். தம் உடம்பைப் பற்றி நாணாது எழுதுகின்றார்.  தமக்கு ஊதியம் வேண்டவில்லை. எனினும் பின்வந்தோர் அனைவரும் பற்றிக்கொண்ட ஒரு பிழைக்கும் வித்து அங்கேயே கிடக்கின்றது. ஒருவன் உடம்பில் நிகழ்ந்தது எல்லார் உடம்பிலும் நிகழும் என்பதே அப்பிழை. ‘எனக்குக் குணமாயிற்று’ என்பது சான்று. ‘ஆகவே உனக்கும் ஆகும்’ என்பது அச்சான்றிலிருந்து பிறவாத முடிபு. தருக்கம் கற்ற மாணவன் இவ்விடைவெளியை எளிதிற் காண்பான். நிறைகுறைந்த மகிழ்ச்சியில் இருப்பவன் காணான்.

காந்தியடிகள் 1942இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் எழுதிய ‘ஆரோக்கியத் திறவுகோல்’ இவ்வகையில் வேறுபட்டது. அவரும் தம் உடம்பையே ஆய்கூடமாகக் கொண்டவர். 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தபோது அவருணவு எத்துணைச் சுருங்கியது என்பதை ஊரவர் கண்டனர். ஆயின் அவர் நூலின் வலிமை அவர் வென்ற இடத்தில் இல்லை, தோற்ற இடத்தில் இருக்கின்றது. 1912இற் பாலை முற்றாக விட்டவர், சில ஆண்டுகளின் பின் கடும் பிணியுற்று, இறுதியில் ஆட்டுப்பால் அருந்த நேர்ந்தது. பாலின்றி வாழ்தலே தம் விருப்பம் என்றும், தம் உடம்பு அதற்கு இசையவில்லை என்றும் அவர் மறையாது ஒப்புக்கொள்கின்றார். கொள்கையை உடம்பின் சாட்சியத்துக்கு முன் தாழ்த்திய இவ்விடத்தில் அவர் வள்ளுவர்க்கு மிக அணியராகின்றார்.

தமிழில் அண்மைக் காலத்திற் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்ற உணவு நூல் நியாண்டர் செல்வனின் ‘பேலியோ டயட்’. உழவு தோன்றுமுன் மனிதன் உண்டது எதுவோ அதுவே மனித உடம்புக்கு ஏற்றது என்பது அம்முறையின் அடிப்படை. அமெரிக்காவில் லோரன் கோர்டைன் 2002இல் எழுதிய நூலினாற் பெயர்பெற்ற இக்கருத்து, தமிழில் முட்டை, இறைச்சி, நெய், பனீர், தேங்காய், காலையில் நூறு பாதாம்பருப்பு என்னும் வடிவெடுத்தது. இதனை முற்றாகப் பழித்தல் நேர்மையன்று. சீனியையும் வெள்ளை மாவையும் தள்ளியமை அதன் நன்மை. தொடங்குமுன் இரத்தப் பரிசோதனை செய்வித்துக்கொள்ளுமாறு அம்முறையைப் பரப்பினோர் வற்புறுத்தியமை அதனினும் பெரிய நன்மை. பலர் நிறை குறைந்தனர் என்பதும் மெய்யே. குறை, ‘அற்றது அறிந்து’ உண்ணவேண்டிய இடத்தில் எண்ணிக்கை வந்து அமர்ந்துகொண்டமை. நூறு என்பது எவர் பசியின் அளவு? எழுபது றாத்தல் மிகையான ஆணுக்கும், ஏழு றாத்தல் மிகையான பெண்ணுக்கும் காலைப் பசி ஒன்றோ?

இந்நூல்களை வேலணைத் தீவின் கடலோரத்துச் சாட்டிக்குக் கொண்டுசென்று ஒரு வீட்டின் திண்ணையில் வைத்துப் பார்த்தல் நன்று. 1990இல் தீவகத்தைவிட்டு அகன்றோர் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனராதலின், அங்குள்ள உணவு முறைகள் உறவின் வழியாகவே இங்கு வந்து சேர்கின்றன. சாட்டி வீட்டிற் காலையில் இடியப்பமும் சொதியும், அல்லது புட்டும் மீன்குழம்பும். நாளொன்றுக்கு நான்கைந்து முறை சீனி போட்ட தேத்தண்ணீர். சில மாலைகளில் ஒடியற்கூழ். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, கயர்ப்பு நீங்க அந்நீரை வடித்து, நண்டும் இறாலும் மீன்தலையும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் சேரக் காய்ச்சிய கூழை எந்த நூலின் பட்டியலில் அடக்குவது? மாப்பொருள் என்று பேலியோ தள்ளும். மச்சம் என்று சைவ உணவு நூல் தள்ளும். அதில் நாரும் புரதமும் இலையும் ஒருங்கு கிடப்பதைப் பார்க்க இரண்டுக்கும் பொழுதில்லை. தேத்தண்ணீரின் சீனியை ஒருவரும் உணவென்று எண்ணுவதில்லையாதலின் அது பட்டியலுக்கு வெளியே நின்று தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

இனி, மருந்து அதிகாரத்தையும் அதே திண்ணையில் வைத்து வினாவவேண்டும். சாட்டிக் கிணறுகளின் நன்னீரைத் தீவகத்தின் பிற ஊர்களும் நாடுவன. மழைநீர் நிலத்தினுள் இறங்கி, கீழுள்ள உவர்நீரின்மீது ஒரு படலமாக மிதந்து நிற்கின்றது. மிகையாக இறைத்தால் உவர் மேலேறும். எவ்வளவு இறைக்கலாம் என்பதை ஊரவர் நாவினாற் சுவைத்தே அறிந்தனர். வள்ளுவர் கூறும் பசியும் அத்தகைய நாவே. ஆயின், நாவுக்கு உவர் தெரியுமுன்னரே கிணற்றின் அடியில் உவர் ஏறிவிடுதலும் உண்டு. நீரிழிவும் அவ்வாறே வருவது. 2005–2006இல் இலங்கையில் நடந்த ஆய்வு, இருபது வயதைக் கடந்தோரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர்க்கு நீரிழிவு இருப்பதையும், அவருள் மூன்றில் ஒரு பங்கினர்க்கு மேற்பட்டோர் தமக்கு அது உண்டென அறியாதிருந்ததையும் வெளிப்படுத்திற்று. வடக்குக் கிழக்கு மாகாணங்கள் அவ்வாய்விற் சேரவில்லையாதலின், சாட்டியின் கணக்கு அதில் இல்லை. தென்னாசியர் மெலிந்து தோன்றியும் வயிற்றிற் கொழுப்புத் தேங்கப்பெறுவர் என்பதனால், உடற்பருமன் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே ஆசியர் விழிப்படையவேண்டும் என 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கூறிற்று. தென்னாசிய ஆணுக்கு இடையளவு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80உம் எல்லை. ஐரோப்பியர்க்கு வகுத்த நிறையட்டவணையைப் பார்த்துத் தான் மெலிந்தவன் என மகிழும் தீவகத்தான் ஏமாறுகின்றான். பசியை மட்டும் நம்புவோனும் ஏமாறுகின்றான். சீனி போட்ட தேத்தண்ணீர் எழுப்பும் பசி மெய்ப்பசியோ என்னும் வினாவை வள்ளுவர் காலத்தார் எதிர்நோக்கவில்லை.

இக்குறையை வள்ளுவர்மேல் ஏற்றல் முறையோ எனின், ஓரளவு முறையே. ஆறு குறள்களோடு அவர் நின்றிருப்பாராயின் முழுவதும் முறையாகும். அவர் நிற்கவில்லை. இறுதி மூன்று குறள்களில், நோய் இன்னதென ஆராயவும் அதன் முதலை ஆராயவும், நோயாளியின் நிலையும் நோயின் அளவும் காலமும் நோக்கிச் செய்யவும் வல்ல மருத்துவனை அழைத்து வருகின்றார். தன்னுதவிக்கு ஆறும் பிறருதவிக்கு மூன்றுமாக அவர் பங்கிட்டுள்ளார். இக்கால உணவு நூல்களுள் தீங்கானவை எவையெனின், இம்மூன்று குறள்களையும் கிழித்தெறிந்தவை என்று விடை கூறலாம். மாத்திரையை விட்டுவிடு, ஊசியை எறிந்துவிடு, உணவே மருந்து என்று முழங்குவன அவை. அம்முழக்கத்தைச் சரித்திரம் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டது. இன்சுலின் கண்டுபிடிக்கப்படுமுன், அமெரிக்காவில் பிரெடெரிக் அலன் என்பார் நீரிழிவுற்ற சிறுவர்க்கு உணவை மிக மிகச் சுருக்கிச் சிகிச்சை செய்தார். உணவே மருந்தாக இருந்த காலம் அது. வேறு மருந்து இல்லை. சிறுவர் சில காலம் கூடுதலாக வாழ்ந்தனர், எலும்பும் தோலுமாக, பின்னர்ப் பலர் இறந்தனர். 1922 சனவரியில் ரொறன்ரோவில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதன்பின்னரும் அத்தகைய நோயாளியை ஊசியை எறியச் சொல்லும் நூல், 1922க்கு முற்பட்ட மரணத்துக்கு அவனைத் திருப்பி அனுப்புகின்றது.

அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக்கும். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றும் எவரும் எண்ணக்கூடியன. நான்காவதாக, மருந்தைப் பிழையின்றி ஆக்கிக் கொடுத்து அருகிருப்பவனை வள்ளுவர் வைத்தமை தனியே எடுத்துப் பேசற்பாலது. மெலிவிக்கும் நூல்கள் ஒற்றை மனிதனோடு பேசுகின்றன. தன் தட்டத்தைத் தானே நிறைத்துக்கொள்பவன் என அவனை எண்ணுகின்றன. சாட்டி வீட்டில் தட்டம் அவ்வாறு நிறைவதில்லை. பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் சென்று, இரத்தம் சோதித்து மீளும் கணவன், வைத்தியர் கூறியதிற் பாதியை மறந்து வருகின்றான். சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டவும், தேத்தண்ணீரிற் சீனியை விடவும் வேண்டியவள் அடுக்களையில் நிற்பவள். அவளுக்கும் அதே நோய் இருக்கலாம், அவள் சோதிப்பித்திலள். கூழ் எல்லார்க்குமாக ஒரே பானையிற் காய்கின்றது. அந்தப் பானையருகே நிற்பவளை நோக்கி எழுதிய ஒரு பக்கத்தை இந்நூல்களிற் காண்டல் மிக அரிது.