மின்பதிப்பில் பாடமும் பண்ணும்

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குச் செல்லும் நெடுவழியில், பின்னலாடைத் தொழிலகங்களுக்கு இடையே, பாடல்பெற்ற தலங்கள் இரண்டு உள்ளன. ஒன்று திருமுருகன்பூண்டி, மற்றொன்று திருப்புக்கொளியூர் எனப் பண்டு வழங்கிய அவிநாசி. கொங்கு நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் அடங்கும் இவ்விரண்டனையும் சுந்தரர் பாடியுள்ளார். ஏழாந் திருமுறையில் பூண்டிப் பதிகம் பழம்பஞ்சுரப் பண்ணிலும், அவிநாசிப் பதிகம் குறிஞ்சிப் பண்ணிலும் அமைந்துள்ளன. இன்று இவற்றைக் கைப்பேசியிற் படிப்பாரும் கேட்பாரும் பலர். பனியன் ஆலையில் இரவு வேலை முடித்துத் திரும்பும் தொழிலாளிக்கும், பல்கலைக்கழக நூலகத்தை எளிதில் எட்டவியலாத மாணவர்க்கும் மின்பதிப்பே கைக்கெட்டும் பதிப்பாகும்.

அப்பதிப்பில் எழுத்துச் சிதைந்து தோன்றினும், ஓசை எழாதொழியினும், அதனைக் கருவியின் கோளாறு என்று கூறித் தொழில்நுட்பத்தாரிடம் ஒப்படைத்துவிடுவது வழக்கமாகியுள்ளது. அது பாடத் திறனாய்வுக்கு உரிய பொருள் என்பது எம் கருத்து. என்னை? பிழை எங்கே பிறந்தது என்று அறியாது செய்யும் திருத்தம் மூலத்தையே கெடுக்கும் ஆதலின் என்க.

இவ்வுண்மையை ஏட்டுச்சுவடிகள் நமக்கு முன்னரே உணர்த்தியுள்ளன. சுவடியில் மெய்யெழுத்துப் புள்ளி பெறுவதில்லை; எகர ஏகாரங்கட்கு ஒரே கொம்பு; துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவின. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்ட டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள், இது எழுதினோன் பிழையா, எழுத்தின் இயல்பா, படிப்போன் மயக்கமா என ஆராய்ந்த பின்னரே பாடத்தைத் துணிந்தனர். மின்பதிப்பிலும் இம்மூன்று இடங்களிலேயே பிழை பிறக்கும்: மூலக்கோப்பில், அது கொண்டுவரப்படும் வழியில், படிப்போரின் கருவியில்.

முதற்கண் எழுத்துத் தோற்றத்தை ஆராய்வாம். எழுத்திருக்க வேண்டிய இடத்திற் கட்டங்கள் தோன்றின், அக்கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்பதே பொருள். பாடத்திற்கு ஊறு யாதும் இல்லை. தமிழுக்கு மாறாக மேலைநாட்டு எழுத்துகள் தோன்றின், இருவகைக் காரணம் உண்டு. மும்மூன்று குறிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு மும்மையும் மேலே சாய்கோடு பெற்ற உரோம அகரத்தில் தொடங்குமாயின், அது ஒருங்குறிப் பாடமே. குறியாக்கம் இன்னதென உலாவிக்கு உணர்த்தப்படவில்லை. ஒருங்குறியை இணையத்திற் கொண்டுசெல்லும் முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாய் அமைதலும், முதற் பைட்டு யாண்டும் ஒன்றாய் இருத்தலும் இதற்குக் காரணம். அவ்வொழுங்கு காணப்படாதாயின், பாடம் பழைய எழுத்துருக் குறியாக்கம் ஒன்றில் உள்ளது எனக் கொள்ளலாம்.

அப்பழைய குறியாக்கங்கள் பல. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் முதலில் எழுத்துருவைச் சார்ந்தும், பின்னர்த் திஸ்கி முறையிலும், அதன்பின் ஒருங்குறியிலும் நூல்களை வழங்கியது. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தாம், தாப் என்னும் குறியாக்கங்களைத் தமிழக அரசு ஏற்றது. 2010இல் ஒருங்குறியையும் அனைத்து எழுத்துருக் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. பத்தாண்டுகளைச் சற்றே கடந்த காலத்துள் ஒரு நூல் மும்முறை பெயர்த்தெழுதப்படும் நிலை இதனால் நேர்ந்தது. பெயர்த்தெழுதும் இடமெல்லாம் பாடபேதம் பிறக்கும் இடம் என்பது சுவடி கற்றார் அறிந்ததே.

சான்று காட்டுவாம். திஸ்கியில், கண்ணுக்குத் தோன்றும் முறையிலேயே, கொம்பு மெய்க்கு முன் நிற்கும். ஒருங்குறியில் மெய்யின் பின் நிற்கும். இடமாற்றாது பெயர்த்தால் 'பலபெயர்' என்பது 'பலெபயர்' ஆகிவிடும். இத்தகைய சிதைவை ஓரிடத்திற் கண்டு கையால் திருத்துவோர், அதனை எழுத்துப்பிழை எனக் கருதி ஊகத்தாற் சொல்லமைக்கின்றனர். மாற்றுநிரலைச் செப்பம் செய்தால் நூல் முழுதும் ஒருங்கே திருந்தும். ஊகத்தால் திருத்தின் புதிய பாடங்கள் புகும்.

கண்ணுக்குப் புலனாகாத பிழை இதனினும் கொடிது. 'பௌவம்' என்பதனை எகரக் கொம்பும் ளகரமும் இட்டுப் 'பெளவம்' எனத் தட்டச்சுச் செய்வார் பலர். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஆயின் முன்னையது நேர்நேர் ஆகித் தேமா. பின்னையது கணினிக்கு நிரைநேர் ஆகிப் புளிமா. சொல்லடைவு தேடுவார்க்கு அச்சொல் அகப்படாது. கணினி கொண்டு யாப்பு ஆராய்வார்க்குச் சீர் பிறழும். தோற்றம் நன்றாயிருத்தலால் பாடம் நன்று எனக் கொள்ளலாகாது என்பதற்கு இஃதொன்றே அமையும்.

இனி ஓசையைப் பற்றி ஆராய்வாம். தேவாரம் பண்ணோடு அமைந்தது. ஆகலின் ஓதுவார் பாடிய ஒலிப்பதிவும் பதிப்பின் ஒரு கூறேயாகும். ஓசை எழாமைக்குக் காரணம் பல. 1995இல் வெளிவந்த ரியல் ஆடியோ முறையிற் பதிந்த கோப்புகளை இன்றைய உலாவிகள் தாமே இயக்குவதில்லை. பிளாஷ் என்னும் செயலியைச் சார்ந்த ஒலிப்பான்கள், 31-12-2020 அன்று அதற்குரிய ஆதரவு நிறுத்தப்பெற்றமையால், உலாவிகளில் செயலற்றன. பாதுகாப்பு முகவரியுடைய பக்கத்தில் பாதுகாப்பற்ற முகவரியிலுள்ள ஒலிக்கோப்பை வைப்பின், உலாவி அதனைப் பெற மறுத்தலும் உண்டு. இவ்விடங்களில் எல்லாம் பதிவு அழிந்திலது, வழியே அடைபட்டுள்ளது.

ஓசை எழுந்தும் பிழைபடுதல் நுண்ணிய நிலை. ஈரலைத் தடப் பதிவில் ஒரு தடம் தலைகீழாய் அமைந்துவிடின், காதிற் பொருத்திக் கேட்கும்போது பாட்டு ஒலிக்கும். இரு தடங்களையும் ஒன்றாகக் கூட்டும் கைப்பேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் ஓதுவார் குரல் தேய்ந்து மறையும். நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்ததனை 48,000 என மயங்கி இயக்கின், பாட்டு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரையும். சுருதியும் ஒன்றரை அரைச்சுரம் அளவு உயரும். சுர இடைவெளிகள் மாறாமையின் பண் மாறாது. ஆயினும் இதனைக் கேட்டு, ஓதுவார் பாடிய கட்டை இது, காலம் இது என்று எழுதும் ஆராய்ச்சி பிழையாய் முடியும்.

எம்மைக் கவலுறச் செய்வது பிறிதொன்று. இயங்காத பழைய பதிவை நீக்கிவிட்டு, வேறோர் ஓதுவார் பாடிய பதிவை அதே தலைப்பின்கீழ், குறிப்பு எதுவும் இன்றி வைக்கும் வழக்கத்தை யாம் கண்டுள்ளோம். கேட்போர்க்குக் குறை தீர்ந்தது போலத் தோன்றும். முன்னவர் பண்ணை நீட்டிய முறையும் சொற்பிரித்த முறையும் அதனோடு மறைந்தன என்பதை யார் அறிவார்? ஓலையில் செல்லரித்த இடத்தைத் தம் கவியால் நிரப்பினாரை நாம் குறைகூறுகின்றோம். இதனைச் செப்பம் என்று பாராட்டுதல் எங்ஙனம் பொருந்தும்?

தொழிலாளிக்கும் மாணவர்க்கும் பாட்டுக் கேட்டாற் போதாதோ, இத்துணை நுணுக்கம் எற்றுக்கு என வினவுவார் உளர். அவ்வினா பொருந்தாது. நூலகம் உடையான் ஐயம் எழுந்தவிடத்து வேறு பதிப்பைப் புரட்டிப் பார்ப்பான். கைப்பேசி ஒன்றே உடையானுக்கு ஒப்புநோக்க வேறில்லை. அவன் கண்டதே பாடம், கேட்டதே பண். ஆகலின் அவன்பொருட்டே பதிப்பாளர் பொறுப்பு மிகுகின்றது.

எனவே மின்பதிப்பு ஒவ்வொன்றும் ஐந்து செய்திகளைத் தன் முகப்பிற் கூறுதல் வேண்டும்: பாடத்திற்கு மூலமான அச்சுப்பதிப்பு யாது, எக்குறியாக்கத்திலிருந்து எப்போது பெயர்க்கப்பட்டது, ஒலிப்பதிவில் பாடியவர் யார், பதிந்த ஆண்டு யாது, பின்னர்ச் செய்த திருத்தங்கள் யாவை. மூலக்கோப்பைத் தொடாது காத்து, படியெடுத்த கோப்பிலேயே திருத்தம் செய்தல் வேண்டும். படிப்போரும் பிழை கண்டவழி, அதே பக்கத்தைப் பிறிதொரு கருவியிலும் பிறிதோர் உலாவியிலும் நோக்கிய பின்னரே பதிப்பாளர்க்கு எழுதுதல் நன்று. பிழையின் பிறப்பிடத்தை அறிதல் முன்னது, திருத்துதல் பின்னது. சுவடிக்கு உரிய இம்முறையே மின்பதிப்புக்கும் உரியது என்பது இக்கட்டுரையின் துணிபு.