உரியா சுமந்த கடிதம்

விபசாரத்தைத் தடுக்கும் கட்டளையைத் தமிழ்த் திருச்சபைகளில் சிறுபிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்வார்கள். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் அதை ஆறாம் கட்டளை என்பார்கள். தென்னிந்தியத் திருச்சபையார் ஏழாம் கட்டளை என்பார்கள். எண் எதுவானாலும் கட்டளை ஒன்றுதான். விபசாரம் என்ற சொல்தான் இன்று பொருள் மாறிக் கிடக்கிறது. வேதாகமத் தமிழில் விபசாரம் என்பது மண உறவுக்குச் செய்யும் துரோகம். ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்யும் குற்றம். நாளிதழ்த் தமிழிலோ 'விபச்சாரம்' என்றால் உடலை விற்கும் தொழில். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் வந்து நிற்பது ஒரு பெண். ஆலயத்தில் அந்தக் கட்டளையைக் கேட்கும் ஆண், அது தனக்குச் சொல்லப்பட்டதல்ல என்பதுபோல எழுந்து போய்விட முடிகிறது.

இந்தச் சாய்வைத் தமிழின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. வேதாகமத்திலேயே இதன் வேர் இருக்கிறது. விபசாரம் எவற்றையெல்லாம் அழிக்கிறது என்று காட்டும் இடங்களில் அந்நூலின் பார்வை மிகக் கூர்மையானது. யாரை, எப்படித் தண்டிப்பது என்று சட்டம் வகுக்கும் இடங்களில் அது தன் காலத்து ஆண்களின் கண்ணால் பார்க்கிறது. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் செய்யப்படும் பிரசங்கம், போதனையின் பலத்தை இழந்து குறையை மட்டும் பிடித்துக்கொள்கிறது.

பலத்தை அறிய, சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 11ஆம் அதிகாரம் ஒன்றே போதும். அரசர்கள் போருக்குப் புறப்படும் காலம். இஸ்ரவேலின் படை அம்மோனியரின் ரப்பா நகரை முற்றுகையிட்டிருக்கிறது. தாவீதோ எருசலேமில் தங்கிவிட்டான். ஒரு மாலை, அரண்மனை மாடியில் உலாவியவன் ஒரு பெண் குளிப்பதைக் காண்கிறான். அவள் எலியாமின் மகள் பத்சேபாள், உரியாவின் மனைவி என்று ஆட்கள் சொல்கிறார்கள். சொல்லியும் ஆள் அனுப்பி அவளை வரவழைக்கிறான். அவள் கருவுற்றதும் உரியாவைப் போர்முனையிலிருந்து அழைத்து, வீட்டுக்குப் போய் இளைப்பாறச் சொல்கிறான். தோழர்கள் வெட்டவெளியில் பாளயமிறங்கியிருக்கும்போது தான் மட்டும் மனைவியோடு இருப்பதா என்று அந்த வீரன் அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொள்கிறான். மறுநாள் அவனைக் குடிக்க வைத்தும் பலிக்கவில்லை. கடைசியில் அவனைப் போர் மும்முரமாக நடக்கும் இடத்தில் நிறுத்திக் கைவிடும்படி தளபதி யோவாபுக்குக் கடிதம் எழுதி, அதை அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறான். தன் மரணத்தைத் தானே சுமந்து போகிறான் உரியா. தாவீதின் மாவீரர் பட்டியலில் கடைசியாக வரும் பெயர் அவனுடையது.

இந்த அதிகாரத்தின் கடைசி வசனத்துக்கு முன்னால், செய்தது தவறு என்று சொல்லும் ஒரு வரிகூட இல்லை. ஒரு குற்றம் அடுத்த குற்றத்தைக் கேட்கிறது. இச்சை பொய்யைக் கேட்கிறது, பொய் கொலையைக் கேட்கிறது. உரியாவோடு வேறு சில வீரர்களும் மடிகிறார்கள். படுக்கையறைச் செயல் போர்க்களத்தில் பிணங்களாய் முடிகிறது. இருவர் விருப்பப்பட்டால் மூன்றாமவருக்கு என்ன நட்டம் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் படித்ததில்லை.

அழிவு அங்கேயும் நிற்கவில்லை. தாவீதின் மகன் அம்னோன், தன் சகோதரி தாமாரைப் பலவந்தம் செய்கிறான். கோபம் கொண்ட தாவீது ஒன்றும் செய்வதில்லை. அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட தகப்பன் எந்த முகத்தோடு மகனைக் கண்டிப்பான்? இரண்டு ஆண்டு காத்திருந்து தாமாரின் உடன்பிறந்த அப்சலோம் அம்னோனைக் கொல்கிறான். பிறகு தகப்பனுக்கு எதிராகவே கலகம் செய்கிறான். அவனுக்கு ஆலோசனை சொன்னவன், ஒருகாலத்தில் தாவீதின் நம்பிக்கைக்குரியவனாயிருந்த அகித்தோப்பேல். மாவீரர் பட்டியலில் எலியாம் என்ற பெயரும் வருகிறது. அவன் அகித்தோப்பேலின் மகன். பத்சேபாளின் தகப்பனும் இவனே என்றால், அகித்தோப்பேல் அவளுடைய பாட்டன். அவன் கட்சி மாறிய காரணத்தை நூல் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்து வாசித்தவர்களுக்கு அது விளங்காமல் போகவில்லை.

நீதிமொழிகள் 5 முதல் 7 வரையுள்ள அதிகாரங்கள் இதே படிப்பினையை உவமைகளால் சொல்கின்றன. மடியில் நெருப்பை வைத்துக்கொண்டவனின் உடை வேகாமல் இருக்குமா என்று கேட்கின்றன. வெட்டப்போகும் மாட்டைப் போல ஒருவன் பின்தொடர்ந்து போவதைக் காட்டுகின்றன. திருடன் பல மடங்கு திருப்பிக் கொடுத்துத் தப்பலாம், மனைவியை இழந்த கணவனின் எரிச்சலை எந்த ஈட்டுத் தொகையும் ஆற்றாது என்கின்றன. குடும்ப நீதிமன்ற வாசலில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். உடைந்த நம்பிக்கைக்கு ஜீவனாம்சத் தொகை ஈடாவதில்லை. ஆனால் இந்த அதிகாரங்களிலேயே குறையும் தொடங்குகிறது. ஆபத்து எப்போதும் பரஸ்திரீயின் உருவத்தில் வருகிறது. இளைஞன் அவள் பேச்சில் மயங்கிய பேதையாக நிற்கிறான். தாவீதின் கதையில் ஆள் அனுப்பியவன் ஆண். நீதிமொழிகளிலோ வலை விரிப்பவள் பெண்.

சட்ட நூல்களில் இந்தச் சாய்வு கெட்டிப்படுகிறது. லேவியராகமமும் உபாகமமும் விபசாரத்தில் ஈடுபட்ட இருவருக்கும் மரண தண்டனை விதிக்கின்றன. கேட்கச் சமநீதி போலத் தோன்றும். ஆனால் குற்றத்தைத் தீர்மானிப்பது பெண்ணின் மணநிலை மட்டுமே. மனைவியுள்ள ஆண், மணமாகாத, நிச்சயிக்கப்படாத பெண்ணோடு கூடினால் அது விபசாரக் கணக்கில் வராது. பரிசம் கொடுத்து அவளை மணந்துகொள்ள வேண்டும், அவ்வளவே. அவன் வீட்டிலிருக்கும் மனைவிக்கு இழைக்கப்பட்ட துரோகத்துக்குச் சட்டத்தில் பெயரே இல்லை. எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தில், சந்தேகப்படும் கணவன் மனைவியை ஆசாரியனிடம் கொண்டுவந்து சாபமிட்ட கசப்பான தண்ணீரைக் குடிக்க வைக்கலாம். சந்தேகப்படும் மனைவிக்கு அப்படி ஒரு வழி இல்லை.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மரண தண்டனை கூடாது, சாட்சிகளே முதல் கல்லை எறிய வேண்டும் என்ற விதிகள் கொலைவெறிக்குக் கடிவாளம் போட்டன. கசப்புத் தண்ணீர்ச் சடங்கும் தீர்ப்பைக் கணவன் கையிலிருந்து எடுத்துக் கடவுளிடம் விட்டது என்று வாதிடலாம். பாபிலோனிய அரசன் ஹம்முராபியின் சட்டத்தில் கணவன் நினைத்தால் மனைவியையும், அரசன் நினைத்தால் தன் குடிமகனையும் உயிர்பிழைக்க விடலாம். வேதாகமத்தில் விபசாரம் கடவுளுக்கு எதிரான பாவம். அதனால்தான் நாத்தான் தீர்க்கதரிசி அரசன் முன்னால் போய் நின்று, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரன் கதையைச் சொல்லி, அந்த மனிதன் நீயே என்று முகத்துக்கு நேரே குற்றம் சாட்ட முடிந்தது. பத்சேபாள்மேல் அவன் ஒரு பழியும் சொல்லவில்லை. அவள் ஏன் அங்கே குளித்தாள் என்று கேட்பதெல்லாம் பின்னால் வந்த பிரசங்கிகளின் வேலை.

ஆனால் நாத்தானின் தீர்ப்பிலும் என்னால் ஏற்க முடியாத ஒன்று உண்டு. தகப்பன் செய்த பாவத்துக்குச் சாவது குழந்தை. அந்தத் தீர்ப்பில் சொன்னபடியே, தாவீதை அவமானப்படுத்த அப்சலோம் மாடியில் கூடாரம் போட்டு அவனுடைய மறுமனையாட்டிகள் பத்துப் பேரைக் கெடுக்கிறான். அந்தப் பெண்கள் சாகும்வரை விதவைகளைப் போல அடைத்துவைக்கப்படுகிறார்கள். ஆணின் பாவத்துக்குப் பெண்ணின் உடலில் தண்டனை. மகன் தகப்பனின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் பின்னாளில் அறிவித்தது, இந்த அநீதிக்கு வேதாகமத்துக்குள்ளிருந்தே வந்த மறுப்பு.

அப்படிப்பட்ட மறுப்புகள் இன்னும் உண்டு. ஆண்களே வேசிகளோடு போகும்போது மகள்களையும் மருமகள்களையும் தண்டிக்கமாட்டேன் என்று கடவுள் சொல்வதாக ஓசியா 4ஆம் அதிகாரத்தில் வருகிறது. முதல் நூற்றாண்டில் ரபி யோகனான் பென் சக்காய் கசப்புத் தண்ணீர்ச் சடங்கை நிறுத்தியபோது அந்த வசனமே ஆதாரமானதாக மிஷ்னா குறிக்கிறது. இளவயதின் மனைவிக்கும் கணவனுக்கும் நடுவே கடவுளே சாட்சி என்று மல்கியா ஆண்களை எச்சரிக்கிறது. இயேசு மலைப்பிரசங்கத்தில் குற்றத்தை ஆணின் கண்ணுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார். மனைவியின் உடல்மேல் கணவனுக்குள்ள உரிமை கணவனின் உடல்மேல் மனைவிக்கும் உண்டு என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதினார். யோவான் 8ஆம் அதிகாரத்தில் கையும் களவுமாகப் பிடித்தோம் என்று ஒரு பெண்ணை மட்டும் இழுத்துவருகிறார்கள், ஆணைக் காணோம். சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் போன்ற மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் இப்பகுதி இல்லை. ஆனாலும் திருச்சபை அதைக் கைவிடவில்லை. அது இயேசுவின் குணத்தோடு பொருந்துவதை வாசகர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இத்தனை திருத்தங்கள் இருந்தும், கிறிஸ்தவ அரசுகள் சட்டம் இயற்றியபோது பழைய சாய்வையே எடுத்துக்கொண்டன. 1650இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் விபசாரத்துக்கு மரண தண்டனை விதித்தது. மணமான பெண் சம்பந்தப்பட்டால்தான் விபசாரம். மணமான ஆண் மணமாகாத பெண்ணோடு இருந்தால் மூன்று மாதச் சிறை. 1660இல் முடியாட்சி திரும்பியதும் அச்சட்டம் செல்லாமல் போனது. நம் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு ஆங்கில அரசு கொண்டுவந்த 1869ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில், மனைவியின் விபசாரம் ஒன்றைக் காட்டியே கணவன் மணமுறிவு பெறலாம்; மனைவியோ கணவனின் விபசாரத்தோடு கொடுமையோ கைவிடுதலோ வேறு குற்றமோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். மனைவியோடு உறவுகொண்டவனிடம் கணவன் நட்டஈடு கேட்கவும் ஒரு பிரிவு இருந்தது, பொருளைப் பறிகொடுத்தவனைப் போல. இவை 2001இல்தான் நீங்கின. 132 ஆண்டுகள் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களும் இந்தத் தராசில்தான் நிறுக்கப்பட்டார்கள்.

இன்னொரு தவறு மன்னிப்பின் பெயரால் நடக்கிறது. கணவன் துரோகம் செய்தான் என்று ஆலோசனைக்கு வரும் மனைவியிடம், மன்னித்து ஏற்றுக்கொள் என்பதே முதல் அறிவுரையாகி விடுகிறது. தாவீதும் மன்னிக்கப்பட்டான், நாத்தானே அதை அறிவித்தான். ஆனாலும் பட்டயம் அவன் வீட்டைவிட்டு நீங்கவில்லை. மன்னிப்பு விளைவுகளைத் துடைத்துவிடாது. உண்மையை ஒப்புக்கொள்ளாத, இழப்பைச் சீர்செய்யாத ஒருவனுக்காக அவன் மனைவியிடம் மன்னிப்பை வற்புறுத்துவது அவளுக்குச் செய்யும் இரண்டாவது துரோகம்.

மத்தேயு முதல் அதிகாரத்தின் வம்ச வரலாற்றில், சாலொமோனைப் பெற்ற தாய் உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று குறிக்கப்படுகிறாள். அந்த வம்சத்தில் உரியாவுக்கு இரத்த உறவில்லை. ஆனாலும் கொல்லப்பட்டவனின் பெயரை வேதாகமம் அழியவிடவில்லை. அதே வரியில் பத்சேபாளின் பெயர் இல்லை. பலமும் குறையும் அந்த ஒரு வரியிலேயே இருக்கின்றன. அடுத்த முறை இந்தக் கட்டளையைப் போதிக்கிறவர்கள் உரியாவின் பெயரோடு பத்சேபாளின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும்; மாடியில் நின்றவனிடமிருந்து பிரசங்கத்தைத் தொடங்கட்டும்.