ஸ்க்ரூவுக்குத்தான் கியாரண்டி!

‘ஒரு பல் 19,999 ரூபாய் மட்டுமே! வாழ்நாள் கியாரண்டி!’ என்று பேனரில் ஒரு பெண் பளீரென்று சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கீழ் வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் போய் ஆறு மாதமாகிறது. முறுக்கை ஒரு பக்கமாகவே மெல்லும் ஆசாமி நான். பி.காம். படித்தவனுக்கு 19,999 என்று பார்த்ததுமே சந்தேகம் வரணும். வந்தது. ஆனாலும் போனேன்.

வரவேற்பில் கேட்ட முதல் கேள்வி: “கேஷா, இ.எம்.ஐ-யா சார்?”

ஸ்கேன் முடிந்ததும் எஸ்டிமேட் கைக்கு வந்தது. 19,999 என்பது தாடை எலும்பில் இறக்கும் டைட்டானியம் ஸ்க்ரூவுக்கு மட்டும். அதன் தலையில் மாட்டும் இணைப்புத் துண்டுக்கு 5,000. மேலே வைக்கிற கிரவுன் 12,000. ஸ்கேன் 2,000. எலும்பு தேய்ந்திருக்கிறதாம், அதை நிரப்ப 10,000. ஆக, 48,999. “வெறும் ஸ்க்ரூவை வெச்சுக்கிட்டு எப்படிங்க மெல்றது?” என்றேன். டாக்டர் சிரித்தார். அழகான பல்வரிசை.

தப்பு சிகிச்சையில் இல்லை. இம்ப்ளான்ட் அருமையான சமாசாரம். ஸ்வீடனைச் சேர்ந்த பிரோனெமார்க் 1950-களில் முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. அதே உலோகத்தை 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் பொருத்தினார். சுமார் நாற்பது வருஷம் கழித்து அந்த மனிதர் இறக்கும்வரை அது உழைத்தது. பிரிட்ஜ் கட்டுவதற்குப் பக்கத்துப் பற்களை ராவுவார்களே, அந்தத் தொல்லையும் இதில் கிடையாது.

என் சண்டை அந்த ‘வாழ்நாள் கியாரண்டி’யோடுதான். கார்டின் பின்பக்கத்தைப் பொடி எழுத்தில் படித்தேன். ஸ்க்ரூ உடைந்தால் வேறு ஸ்க்ரூ தருவார்களாம். டைட்டானியம் உடைவது அபூர்வம் சார்! கெட்டுப்போவது சுற்றியிருக்கும் ஈறும் எலும்பும். சுத்தம் குறைந்தால் அங்கே கிருமி சேர்ந்து, எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. அழுத்தினால் உணரும், தொந்தரவென்றால் குரல் கொடுக்கும். ஸ்க்ரூவுக்கு அது இல்லை. பல சமயம் வலியே இருக்காது. ஆட ஆரம்பிக்கும்போது காலம் கடந்திருக்கும்.

அதனால்தான் ஒழுங்காகப் போய்ச் சோதித்து, சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அந்தச் செலவு எஸ்டிமேட்டில் எங்கேயும் இல்லை. மெஷின் வாங்கிவிட்டுப் பராமரிப்புக் கணக்கே எழுதாத கம்பெனியை எந்த ஆடிட்டர் விடுவார்? கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பை ஸ்க்ரூ தொட்டுவிட்டால் உதடும் தாடையும் மரத்துப்போகலாம், சிலருக்கு நிரந்தரமாகவே. பேனரில் அதற்கு இடமில்லை போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: “ஏங்க, சுகர் இருக்குன்னு சொன்னீங்களா?”

“அவங்க கேட்கலையே!”

இன்னொரு டாக்டரிடம் போனேன். சின்ன கிளினிக், பேனர் இல்லை. உட்கார்ந்ததும் சுகர் எவ்வளவு என்றுதான் கேட்டார். மூன்று மாத சராசரி ஒன்பதைத் தாண்டியிருந்தது. “முதல்ல இதைக் குறைச்சுட்டு வாங்க. இப்போ வெச்சா எலும்பு பிடிக்காமப் போகலாம். சிகரெட் உண்டுன்னா அதையும் விட்டுடுங்க” என்றார். எலும்பு பிடிக்கவே மூன்று முதல் ஆறு மாதம் ஆகுமாம். அன்றைக்கு என்னிடம் அவர் வாங்கியது கன்சல்டிங் ஃபீஸ் மட்டும்.

நீங்கள் போவதானால் நாலு கேள்வி கேளுங்கள். கிரவுன் வரைக்கும் மொத்தம் எவ்வளவு? ஸ்க்ரூ பிடிக்காவிட்டால் மறுசெலவு யாருடையது? எந்தக் கம்பெனி, என்ன சைஸ் என்று எழுதித் தருவீர்களா? (பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் உதிரி பாகம் தேடும்போது அந்தச் சீட்டு வேண்டும்.) வருஷாவருஷம் பராமரிப்புக்கு என்ன ஆகும்? இன்ஷூரன்ஸை நம்பாதீர்கள், பெரும்பாலான பாலிசிகள், விபத்தில் போன பல்லைத் தவிர வேறு பல்லைக் கண்டுகொள்வதில்லை.

நான் இப்போது முறுக்கையும் விட்டு, சர்க்கரையையும் விட்டு, காலையில் நடந்துகொண்டிருக்கிறேன். பல்லைப் பார்ப்பதற்கு முன் பர்ஸைப் பார்க்கிற இடத்தில், வாயைத் திறக்காமல் வந்துவிடுவதே உத்தமம்!