பேசாத பேச்சு

கணித வரலாற்றில் மசாலா சேர்ப்பதில் எரிக் டெம்பிள் பெல் கில்லாடி. 1951-ல் வந்த ‘மேத்தமேட்டிக்ஸ்: க்வீன் அண்ட் சர்வன்ட் ஆஃப் சயன்ஸ்’ புத்தகத்தில் ஒரு காட்சி.

1903. அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டம். ஃப்ராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் 2-ன் 67-வது அடுக்கைப் போட்டு, ஒன்றைக் கழிக்கிறார்: 147573952589676412927. பக்கத்தில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்குகிறார். அதே விடை! ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார, கைதட்டல். கண்டுபிடிக்க மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் ஆச்சாம்.

படிக்க ஜோர்தான். ஆனால் சஸ்பென்ஸ் எங்கே? மெர்சென் 1644-ல் பகா எண் என்று சொன்ன இந்த எண், பகா எண் இல்லை என்று 1876-லேயே லூக்காஸ் நிரூபித்துவிட்டார். அதுவும் ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமல்! என் கைதட்டல் அவருக்கு. கோலின் பெருக்கலை எட்டாங்கிளாஸ் பையன்கூட சரிபார்ப்பான். லூக்காஸை அப்படிக் கரும்பலகையில் காட்ட முடியாது. பெல்லுக்கு சீன் கிடைத்திருக்காது.