பெருவிரலுக்கு ஓய்வு

ஆடிவேல் தேர் காலி வீதியால் அசைந்து வருகிறது. என் கையில் லைக்கா எம்4-2. 1970களின் இறுதியில் வந்த கமரா. அடித்தட்டைக் கழற்றிய இடத்தில் பிலிம் சுற்றும் மோட்டார். பொத்தானை அமுக்கினால் சின்ன ரீங்காரம். அடுத்த படத்துக்குப் பிலிம் தயார். லீவரைத் தள்ளப் பெருவிரல் எழவேண்டியதில்லை. கண்ணும் காட்சியை விட்டு விலகுவதில்லை. இது ரேஞ்ச்பைண்டர் கமரா, எஸ்எல்ஆர் போல உள்ளே கண்ணாடி எழும்பி மறைக்காது. படம் பதியும் கணத்திலும் தேர்முன் தேங்காய் உடைப்பவரின் முகம் தெரிந்துகொண்டே இருக்கும்.

செக்கனுக்கு மூன்று படம்வரை எடுக்கலாம். ஆனால் சுருளில் இருப்பவை 36தான், ஒவ்வொன்றாகவே அமுக்குகிறேன். வேகத்துக்காக அல்ல, தேரை இமைக்காமல் பார்த்திருக்கும் சுகத்துக்காகவே இந்த மோட்டாரை நேசிக்கிறேன்.