அசையும் இடமும் அரிக்கும் இடமும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ரியோ கிராண்டே ஆற்றின் மேல் இருந்த ஐ-40 நெடுஞ்சாலைப் பாலம் இடிக்கப்படவிருந்தது. 1993இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தார் அதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். எஃகு உத்தரம் ஒன்றைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பாலத்தை அதிரவைத்து அளந்தார்கள். வெட்டுமுன் முதல் இயல்பு அதிர்வெண் 2.48 ஹெர்ட்ஸ். முதல் வெட்டுக்குப் பின் 2.52. பாலம் பலவீனப்படுகிறது, எண்ணோ ஏறுகிறது! அடித்தகடும் அறுபட்ட நான்காம் கட்டத்தில்தான் அது 2.30க்கு இறங்கியது.

பாலத்தின் சேதத்தைக் கண்டறியச் சென்சார்களை எங்கே பொருத்துவது என்று கணக்குப் போடுகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டிய எண்கள் இவை.

அந்தக் கணக்கில் பெரிதும் புழங்குவது 1991இல் டேனியல் காமர் வெளியிட்ட முறை. விண்வெளிக் கட்டமைப்புகளுக்காகப் பிறந்தது. கணினி மாதிரியில் சென்சார் வைக்கத்தக்க எல்லாப் புள்ளிகளோடும் தொடங்குகிறார்கள். தேர்ந்தெடுத்த அதிர்வு வடிவங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவதில் எந்தப் புள்ளியின் பங்கு மிகக் குறைவோ, அதைக் கழிக்கிறார்கள். மறுபடி கணக்கிட்டு மறுபடி கழிக்கிறார்கள், கையிலிருக்கும் சென்சார்களின் எண்ணிக்கை வரும்வரை.

இதன் பலம் சாதாரணமானதல்ல. எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்துப் பார்க்க எந்தக் கணினிக்கும் நேரம் போதாது. இது சட்டென்று ஒரு நல்ல விடையைத் தருகிறது. கண்மதிப்பில் வைப்பதைவிடவும் மேல். ஒற்றைக் கண் பாலத்தின் இரண்டாம் வளைவு வடிவத்தில் நடுப்புள்ளி அசைவதே இல்லை. பாலத்தின் நடுவில் மட்டும் சென்சாரை வைத்தவருக்கு அந்த வடிவம் தெரியவே தெரியாது. இந்த முறை அந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கிறது.

ஆனால் அது விடை சொல்வது வேறு கேள்விக்கு. சேதமில்லாத பாலம் எப்படி ஆடும் என்பதைத் தெளிவாகப் பார்க்க எது நல்ல இடம் என்பதே அதன் கேள்வி. சேதம் எங்கே வரும் என்பது அதற்குத் தெரியாது. தாங்கிகளுக்கு அருகே அசைவு குறைவு. ஆகவே அந்தப் புள்ளிகள் எளிதில் கழிந்துபோகும். ஆனால் விரிவு இணைப்பு வழியாகத் தண்ணீர் ஒழுகி உத்தர முனை அரிக்கப்படுவதும், தாங்கி இறுகிப்போவதும் அங்கேதான். அங்கே அதிர்வை அளக்கும் முடுக்கமானியை வைத்தும் பெரிய பயனில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தேவைப்படுவது திரிபுமானியும் நகர்வுமானியும். முடுக்கமானிகளுக்கு மட்டும் இடம் தேடும் கணக்கு இந்த யோசனைக்கே வழிவிடுவதில்லை.

இன்னொரு குறை வானிலை சார்ந்தது. சுவிட்சர்லாந்தின் இசட்-24 பாலத்தை 1998இல் இடிக்குமுன் ஏறத்தாழ ஓராண்டு கண்காணித்தார்கள். உறைகுளிரில் தார்த்தளம் விறைத்து அதிர்வெண்கள் ஏறின. வெப்பமானி இல்லாத இடத்தில் குளிர் எது, விரிசல் எது என்று பிரிப்பது கடினம். இடத்தேர்வுக் கட்டுரைகள் பலவற்றில் வெப்பமானிக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு விந்தையாகவே இருக்கிறது.

காமரின் முறையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சென்சார்களில் ஒரு பங்கை அது சொல்லும் இடங்களில் வையுங்கள். மீதியை, பாலத்தின் ஆய்வுப் பதிவேட்டில் துருவும் விரிசலும் மீண்டும் மீண்டும் குறிக்கப்பட்ட இடங்களுக்கு ஒதுக்குங்கள்.